விஷோஜோவின் பணம் எங்கே போனது? வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் விஷோஜோ என்ற வி-டியூபர் ஏஜென்சி 2025 ஜூலையில் நான்கைந்து நாளுக்குள் கவிழ்ந்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளில் பாதி ரசிகர்களுடையவை. மீதி, இந்தத் துறைக்குப் படம் வரைந்தும், வரைந்ததை அசையவைக்கும் ரிக்கிங் வேலை செய்தும், வீடியோ வெட்டியும் சம்பாதிப்பவர்களுடையவை. இந்த இரண்டாவது கூட்டத்துக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம். பணத்துக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

வாசகி, திருச்சி: என் மகள் பார்க்கும் வி-டியூபர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் கம்பெனியை விட்டு விலகிவிட்டார்கள் என்கிறாள். அப்படி என்ன நடந்தது?

தன் முகத்தைக் காட்டாமல், வரைந்த ஓர் உருவத்தை முன்னால் நிறுத்தி நேரலை செய்பவர்கள் வி-டியூபர்கள். கேமரா அவர்களுடைய முக அசைவைப் படிக்கும். திரையில் அந்த உருவம் கண் சிமிட்டும், சிரிக்கும், பேசும். 2016-இல் ஜப்பானின் கிசுனா ஐ பிரபலமாக்கிய வழக்கம் இது. அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களைச் சேர்த்து 2020 நவம்பரில் தொடங்கப்பட்டது விஷோஜோ. அதன் தலைமைச் செயல் அதிகாரி ஜஸ்டின் இக்னாசியோ, ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தின் ஆரம்பகால ஊழியர். 2022-இல் முதலீட்டாளர்களிடமிருந்து 1.1 கோடி டாலர் திரட்டியதாக அறிவித்தார்கள்.

அங்கே முதல் வரிசையில் இருந்தவர் அயர்ன்மவுஸ். நோய் எதிர்ப்புச் சக்தியைப் பாதிக்கும் குறைபாடு உள்ளவர். வீட்டைவிட்டு வெளியே வருவதே அரிது. 2024-இல் அவர் நடத்திய சப்பத்தான், அதாவது சப்ஸ்கிரிப்ஷன் சேரச் சேர நேரம் நீளும் தொடர் நேரலை, ட்விட்சின் அன்றைய சாதனையை முறியடித்தது. 2025 ஜூலை 21 அன்று அவர் விலகுவதாக அறிவித்து, இரண்டு விஷயம் சொன்னார். தனக்குச் சேர வேண்டிய பெருந்தொகை வரவில்லை. இம்யூன் டெபிஷியன்சி பவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்புக்காகத் திரட்டிய 5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணமும் அந்த அமைப்புக்குப் போய்ச் சேரவில்லை. ஜப்பானிலிருந்து ஒளிபரப்பும் கேசனும் அதே நாட்களில் தன் பாக்கியைப் பற்றிப் பேசினார். அடுத்த இரண்டு மூன்று நாளில் கிட்டத்தட்ட எல்லாரும் வெளியேறினார்கள்.

ஜூலை 24 அன்று இக்னாசியோ அறிக்கை விட்டார். திரட்டிய 1.1 கோடி டாலரும் செலவாகிவிட்டது, புதிய முதலீடு கிடைக்கவில்லை, கம்பெனியை மூடுகிறோம் என்றார். செலவான பணத்தில் ஒரு பகுதி தொண்டுக்காகத் திரட்டப்பட்டது என்றும், அது அப்போது தனக்குத் தெரியாது, பிறகுதான் தெரிந்தது என்றும் அதில் சொல்லியிருந்தார். அறிக்கையின் மற்ற வரிகளைவிட இந்த வரி கனமானது. எந்தப் பணம் யாருடையது என்று தலைமைக்கே தெரியாத அளவுக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்திருக்கிறது என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

பி.காம் மாணவர், சேலம்: நட்சத்திரங்கள் இருக்கிறார்கள், பணம் கொட்டுகிறது, முதலீடும் இருக்கிறது. பிறகு எப்படி ஒரு ஏஜென்சி மஞ்சள் கடுதாசி கொடுக்கும் நிலைக்கு வரும்?

விஷோஜோவின் கணக்குப் புத்தகம் பொதுவெளியில் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் ஓட்டை விழும் இடம் எப்போதும் ஒன்றேதான். அதைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம்.

ஒரு ஏஜென்சி தன் கலைஞர்களின் ட்விட்ச், யூடியூப் வருமானத்தைத் தன் வங்கிக் கணக்கில் வாங்குகிறது என்று வையுங்கள். மாதம் 1,00,000 டாலர் வருகிறது. ஏஜென்சியின் பங்கு 10 சதவீதம். அப்படியானால் 90,000 கலைஞர்களுடையது. அதே மாதம் டி-ஷர்ட், சாவிக்கொத்து, அக்ரிலிக் பொம்மை என்று முன்பதிவு எடுக்கிறார்கள், 60,000 வசூல். பொருளைச் செய்ய 25,000, அனுப்ப 12,000, கலைஞர் பங்கு 12,000. எல்லாம் போக மிஞ்சுவது 11,000. ஆக அந்த மாதம் ஏஜென்சி உண்மையில் சம்பாதித்தது 10,000-மும் 11,000-மும் சேர்த்து 21,000 டாலர்.

ஊழியர் சம்பளம், ஸ்டுடியோ வாடகை, மென்பொருள், பயணம், விழா மேடை எல்லாம் சேர்த்து மாதச் செலவு 55,000. நஷ்டம் 34,000. ஆனால் வங்கி இருப்பைப் பார்த்தால் என்ன தெரியும்? 1,60,000 வந்தது, 55,000 போனது, 1,05,000 பத்திரமாக இருக்கிறது! கொடுக்க வேண்டியதோ கலைஞர்களுக்கு 90,000, முன்பதிவுப் பொருளுக்கும் அனுப்புவதற்கும் 37,000, முன்பதிவு வசூலில் கலைஞர் பங்கு 12,000. மொத்தம் 1,39,000. துண்டு விழுவது அதே 34,000 டாலர். அது வங்கி இருப்பில் தெரியாது. கொடுக்க வேண்டியதைத் தனியே எழுதிவைத்தால்தான் தெரியும்.

முதலீட்டுப் பணம் இருக்கும்வரை இந்தத் துண்டை அது அடைக்கும். தீர்ந்த மாதத்திலிருந்து அடுத்தவர் பணம் அடைக்கத் தொடங்கும். அந்த மாற்றத்தை அறிவிக்க மணி எதுவும் அடிப்பதில்லை. அதே கணக்கிலிருந்து அதே சம்பளம்தான் போகிறது. இந்த மாத வசூலில் போன மாத பாக்கியைக் கொடுத்து ரொட்டேஷனில் ஓட்டுவார்கள். மூன்று மாதம் ஓடினால் துண்டு 1,02,000. அப்போது ட்விட்ச், யூடியூபிலிருந்து வரும் ஒரு மாத வருமானம் முழுவதையும் கொட்டினாலும் பள்ளம் நிரம்பாது. சீட்டுப் பிடிக்கிறவர் ஏலத்தொகையைத் தன் கடை முதலுக்குப் போட்டுவிட்டு, அடுத்த ஏலத்தை நம்பி இருப்பதும் இதே கணக்குதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்பான்சர் பணம் வேலை முடிந்து 60 நாள், 90 நாள் கழித்துத்தான் வரும். அனிமே விழாவுக்கு மேடை போட்ட செலவோ உடனே போய்விடும். முப்பரிமாண இசை நிகழ்ச்சி என்றால் மோஷன் கேப்சர் ஸ்டுடியோ, பாடல் உரிமை, ஒத்திகை எல்லாம் முன்பணம். செலவு முன்னால், வரவு பின்னால் உள்ள தொழிலில், கையில் இருக்கும் ஒரே ரொக்கம் கலைஞருடைய பங்காகத்தான் இருக்கும். அதைத் தொடக் கூடாது என்று தடுக்க ஒரு தனி வங்கிக் கணக்கு போதும். அந்தக் கணக்கு இல்லாத ஏஜென்சி நல்ல மனிதர்கள் நடத்தினாலும் ஆபத்தானதுதான்.

வாசகர், மதுரை: நான் மாதாமாதம் சப் போடுகிறேன். அந்தப் பணம் எந்த வழியில் போகிறது?

அமெரிக்க விலையில், 2024 ஜூலை முதல் ட்விட்சின் முதல்நிலை சப், அதாவது மாதச் சந்தா, 5.99 டாலர். வழக்கமான ஒப்பந்தத்தில் ஏறக்குறைய பாதி தளத்துக்கு, பாதி ஸ்ட்ரீமருக்கு. ஓரளவு பெரிய சேனல்களுக்கு 60, 70 சதவீதம்வரை கிடைக்கும். மாதம் முடிந்து சுமார் 15 நாளில், 50 டாலர் சேர்ந்திருந்தால், சேனலில் பதிந்துள்ள கணக்குக்குத் தளம் பணத்தை அனுப்பும். யூடியூப் மெம்பர்ஷிப், சூப்பர் சாட்டில் 70 சதவீதம் சேனலுக்கு. அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள் வரும். 100 டாலர் சேர வேண்டும். தளங்கள் நாள் தவறுவது அபூர்வம். எனவே ஒரு ஸ்ட்ரீமருக்கு ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை என்றால், தளத்துக்கும் அவருக்கும் நடுவே யார் கணக்கு இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆசிரியை, தஞ்சாவூர்: தொண்டுக்கு என்று சொல்லி வாங்கிய பணத்தையுமா செலவு செய்ய முடிகிறது? சட்டம் தடுக்காதா? எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் ஒருவர் கேம் ஸ்ட்ரீமில் நிதி திரட்டப் போகிறார். என்ன செய்யச் சொல்வது?

சட்டம் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில், ஒரு வணிக நிறுவனம் 'இதில் இத்தனை பங்கு இன்ன தொண்டுக்கு' என்று விளம்பரப்படுத்தினால், அந்தத் தொண்டு அமைப்போடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் சட்டம் வந்து நிற்பது பணம் போன பிறகு. கம்பெனி திவாலானால் நிலைமை இன்னும் மோசம். 'இது தொண்டுக்காக ஒப்படைக்கப்பட்ட பணம், கம்பெனிச் சொத்து அல்ல' என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். வாதம் நிற்க, அந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று தடம் காட்ட வேண்டும். பொதுக் கணக்கில் கலந்து, இடையில் ஒருநாள் இருப்பு பூஜ்யத்தைத் தொட்டிருந்தால், அன்றோடு அந்தத் தடம் அறுந்துவிடுகிறது. பிறகு தொண்டு அமைப்பும் மற்ற கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அதனால்தான் அயர்ன்மவுஸ் விலகிய அன்று தொடங்கிய புதிய நிதி திரட்டல், நேராகத் தொண்டு அமைப்புக்குப் போகும்படி டில்டிஃபை என்ற நன்கொடைத் தளத்தின் வழியாக அமைந்தது. ரசிகர்கள் சில நாளில் 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அந்த வழியில் ஸ்ட்ரீமர் கையோ ஏஜென்சி கணக்கோ பணத்தைத் தொடுவதில்லை. திரையில் ஓடும் தொகைக் காட்டி மட்டும் ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் பிரவுசர் சோர்ஸாக வந்து உட்காரும்.

உங்கள் மாணவருக்குச் சொல்லுங்கள்: பார்வையாளர்கள் நேராகக் கொடுக்கும் நன்கொடை என்றால், தொண்டு அமைப்பின் சொந்தப் பக்கத்துக்கோ அதன் க்யூஆர் குறியீட்டுக்கோ அனுப்புங்கள். தன் ஜிபே எண்ணைத் திரையில் போடவே கூடாது. நேரலைக்கு முன் ஒரு சிறு தொகையை அனுப்பிப் பார்த்து, ரசீது யார் பெயரில் வருகிறது என்று சரிபார்க்க வேண்டும். அமைப்புக்கு 80ஜி பதிவு இருந்தால் கொடுப்பவருக்கு அதன் சான்றிதழ் அமைப்பிடமிருந்தே கிடைக்கும்; இடையில் தனிநபர் வாங்கிக் கொடுத்தால் அது கிடைக்காது. வெளிநாட்டு ரசிகர்கள் இருந்தால் கூடுதல் கவனம். இந்தியத் தொண்டு அமைப்பு வெளிநாட்டுப் பணம் வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவும், ஸ்டேட் பாங்கின் புது தில்லி முதன்மைக் கிளையில் அதற்கென ஒரு கணக்கும் இருந்தாக வேண்டும். பதிவில்லாத அமைப்புக்கு அந்தப் பணத்தைத் திருப்பிவிட்டால் சிக்கிக்கொள்வது அந்த அமைப்புதான்.

'இன்றைய சப் வருமானத்தில் பாதி தொண்டுக்கு' என்ற வகை அறிவிப்பு வேறு. தளம் அந்தப் பணத்தை ஸ்ட்ரீமருக்குத்தான் அனுப்பும், அதுவும் அடுத்த மாதம். எனவே அறிவிக்கும்போதே எதில் பாதி என்று சொல்லிவிட வேண்டும்: தளத்தின் பங்கு கழித்தா, வரி கழித்தா, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை என்று. நேரலை முடிந்ததும் டேஷ்போர்டைப் படம் எடுத்து வெளியிட வேண்டும். பணம் வந்த அன்றே தொகையைப் பிரித்து அனுப்பி, ரசீதையும் அதே இடத்தில் போட வேண்டும். விஷோஜோ விஷயத்தில் இந்த வகைப் பணம்தான் சிக்கியது. நல்லெண்ணத்தோடு அறிவித்த கலைஞருக்கும் கணக்கை வைத்திருந்த கம்பெனிக்கும் இடையில் தேதி, தொகை, தனிக் கணக்கு என்ற மூன்றும் எழுத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: ஏஜென்சி போய்விட்டால் அந்த உருவமும் பெயரும் போய்விடாதா? அயர்ன்மவுஸ் அதே உருவத்தோடு வருகிறாரே?

விஷோஜோ ஆரம்பத்திலிருந்தே கலைஞருக்கே உருவத்தின் உரிமை என்ற கொள்கையில் நடந்தது. ஜப்பானியப் பெரிய ஏஜென்சிகளில் பெயர், உருவம், சேனல் எல்லாம் பொதுவாகக் கம்பெனிச் சொத்து. விலகினால் அந்தக் கதாபாத்திரம் 'பட்டம் பெற்று' மறைந்துவிடும், கலைஞர் வேறு உருவத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே அப்படி ஆகவில்லை. விலகிய பிறகும் அதே முகத்தோடு நேரலைக்கு வர முடிந்தது அதனால்தான். அந்தக் கொள்கைக்காக விஷோஜோவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் உருவத்துக்குக் கொடுத்த அதே பாதுகாப்பைப் பணத்துக்குக் கொடுக்கவில்லை.

ரிக்கிங் கலைஞர், கோவை: வெளிநாட்டு ஏஜென்சி ஒன்றுக்கு லைவ்2டி மாடல்கள் ரிக் செய்து கொடுத்தேன். மூன்று இன்வாய்ஸ் நிலுவை. 'அக்கவுண்ட்ஸ் டீம் மாறுகிறது' என்று இழுத்தடிக்கிறார்கள். நடுவில் ஒருமுறை மட்டும் 500 டாலர் வந்தது. என்ன செய்வது?

அந்த 500 டாலர்தான் உங்கள் கடிதத்தில் கவலை தரும் செய்தி. இன்வாய்ஸ் தொகைக்குச் சம்பந்தமில்லாமல் முழு எண்ணாக ஒரு தொகை வந்தால், அவர்கள் இன்வாய்ஸைப் பார்த்துக் கொடுக்கவில்லை, கையில் இருப்பதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். தாமதம் எப்போதும் பின்வரிசையில்தான் ஆரம்பிக்கும். முதலில் வீடியோ எடிட்டர், ஓவியர், ரிக்கர், மாடரேட்டர், கடைசியில்தான் நட்சத்திரங்கள். உங்களுக்குப் பாக்கி என்றால் கம்பெனி ஏற்கெனவே பாதி வழி போய்விட்டது.

இன்றே புது வேலையை நிறுத்துங்கள். இனி யாருக்குச் செய்தாலும், முழுப் பணம் வரும்வரை, மாடலைத் திருத்த உதவும் சிஎம்ஓ3 கோப்பையும் லேயர் பிரித்த மூல பிஎஸ்டி கோப்பையும் கையிலிருந்து விடாதீர்கள். மாடலை முக அசைவோடு இணைக்கும் விடியூப் ஸ்டுடியோ மென்பொருளில் ஓட்டிப் பார்க்க எம்ஓசி3, மாடல்3 ஜேசன், டெக்ஸ்சர் படங்கள் போதும். அதிலும் டெக்ஸ்சரில் நெற்றிக்குக் குறுக்கே ஒரு வாட்டர்மார்க் லேயர் வைத்து அனுப்பினால் சோதனைக்கு உதவும், ஒளிபரப்புக்கு உதவாது. வேலையைப் பாகம் பிரித்துப் பணம் வாங்குங்கள்: தொடங்கும்போது 40 சதவீதம், முகம் அசைந்ததும் 30, இறுதிக் கோப்புக்கு முன் 30 என்று. 'முழுத் தொகை வந்த பிறகே உரிமை மாறும்' என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பழைய பாக்கிக்கு, ஒரே பக்கத்தில் கணக்குத் தாள் தயாரியுங்கள். இன்வாய்ஸ் எண், தேதி, என்ன வேலை, ஒப்படைத்த நாள், அவர்கள் 'ஓகே' சொன்ன நாள், கெடு, தொகை, வந்தது, மீதி. டிஸ்கார்டு அரட்டைச் செயலியில் நடந்த பேச்சை இப்போதே படமெடுத்து, தேதி தெரியும்படி சேமியுங்கள். கம்பெனி மூடினால் அந்தச் சர்வரே மறைந்துவிடும், பேசியதற்குச் சாட்சி இல்லாமல் போய்விடும். பிறகு மின்னஞ்சலில், டிஸ்கார்டில் அல்ல, பத்து நாள் கெடு வைத்து மொத்தத் தொகையைக் கேளுங்கள். தொகை சரிதான் என்று அவர்கள் ஒரு வரி எழுதினாலும் அது பின்னால் பெரிய பலம்.

கம்பெனி எங்கே பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கலிபோர்னியா என்றால் அம்மாநிலச் செயலர் அலுவலகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். நிலை 'இடைநிறுத்தம்' என்று இருந்தால் எச்சரிக்கை. அங்கே 2025 ஜனவரி 1 முதல் ஃப்ரீலான்சர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 250 டாலர் மற்றும் அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். தேதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்து 30 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் இரட்டிப்புவரை கேட்கலாம். கோவையிலிருந்து வேலை செய்தவருக்கு அது எந்த அளவு பொருந்தும் என்று அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். தனிநபர் வழக்கு 12,500 டாலர்வரை அங்கே சிறு தாவா நீதிமன்றத்திலேயே போடலாம். ஜப்பான் கம்பெனி என்றால், அங்கும் 2024 நவம்பர் 1 முதல் ஃப்ரீலான்சர் சட்டம் இருக்கிறது. வேலையைப் பெற்ற 60 நாளுக்குள் பணம் என்பது அதன் பொது விதி.

கம்பெனி அமெரிக்காவில் திவால் மனு போட்டுவிட்டால் வழி மாறிவிடும். மனு போட்ட நிமிடமே எல்லா வசூல் நடவடிக்கைக்கும் தானாகத் தடை வரும். நீங்கள் செய்ய வேண்டியது படிவம் 410-ஐ நிரப்பி, கணக்குத் தாளை இணைத்து, உரிமைகோரலாகப் பதிவது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சொத்தை விற்றுக் கலைக்கும் ஏழாம் அத்தியாய வழக்கில் பொதுவாக 70 நாள் கெடு. 'பகிரச் சொத்து இல்லை, இப்போது மனு வேண்டாம்' என்று அறிவிப்பு வந்தால், அடுத்த அறிவிப்புக்குக் காத்திருங்கள். வரிசையும் தெரிந்திருக்கட்டும். முதலில் ஈடு வைத்துக் கடன் கொடுத்தவர், பிறகு வழக்குச் செலவு, பிறகு ஊழியர்களின் கடைசி 180 நாள் சம்பளத்தில் ஆளுக்கு 17,150 டாலர்வரை, வரிப் பாக்கி, அதற்கும் பிறகுதான் ஒப்பந்த வேலைக்காரர்கள். அந்த இடத்தில் கிடைப்பது டாலருக்குச் சில சென்ட் என்பதே வழக்கம். சில நேரம் ஒன்றுமே இராது. பல சிறு கம்பெனிகள் நீதிமன்றத்துக்கே போகாமல் கதவைச் சாத்திவிடுவதும் உண்டு.

இந்தியப் பக்கம் ஒன்று மறக்கக் கூடாது. ஜிஎஸ்டி பதிவு வைத்து, எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து, வரி கட்டாமல் ஏற்றுமதி இன்வாய்ஸ் போட்டிருந்தால், வராத பணத்துக்கும் கெடு உண்டு. இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஓர் ஆண்டு தாண்டிப் பணம் வராவிட்டால் வட்டியோடு வரி கேட்கும் விதி இருக்கிறது. ஆடிட்டரிடம் பதினோராவது மாதத்திலேயே பேசுங்கள்.

இன்னொன்று: நீங்கள் ரிக் செய்த மாடலைப் பயன்படுத்தும் ஸ்ட்ரீமர் மேல் கோபத்தில் காப்பிரைட் புகார் போடாதீர்கள். அவருக்கும் பணம் வராமல் இருக்கலாம், மாடலுக்கான பணத்தை அவர் ஏஜென்சியிடம் ஏற்கெனவே கொடுத்தும் இருக்கலாம். அவரிடம் நேராகப் பேசுங்கள். ஏஜென்சி கைவிரித்த பிறகு அவருக்கு ஒரு ரிக்கர் தேவைப்படுவார்.

வாசகர், ஈரோடு: ஆன்லைனில் வாங்கிய பொம்மை வரவில்லை. கடையே மூடிவிட்டது. பணம் திரும்புமா?

கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் வசதி, கேளுங்கள். கடைக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். விசா விதிப்படி, பொருள் வரவில்லை என்ற புகாருக்கு, வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள். எப்படியும் பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. முன்பதிவில் 'ஆறு மாதத்தில் வரும்' என்று போட்டிருந்த பக்கத்தின் படம் இருந்தால் அந்த 120 நாள் அங்கிருந்துதான் எண்ணப்படும். உங்கள் வங்கி இதைவிடக் குறுகிய கெடு வைத்திருக்கலாம்.

வாசகர், புதுச்சேரி: ஜப்பானியப் பெரிய ஏஜென்சிகளில் இந்த ஆபத்து இல்லையா?

நிஜிசான்ஜியை நடத்தும் எனிகலர் 2022-லும், ஹோலோலைவை நடத்தும் கவர் 2023-லும் டோக்கியோ பங்குச் சந்தையில் பட்டியலாயின. காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு வெளியாவதாலும், ஆண்டுக் கணக்கைத் தணிக்கையாளர் பார்ப்பதாலும், வேறொருவர் பணத்தில் மாதக்கணக்கில் ஓட்டுவது அங்கே கடினம். மற்ற குறைகள் இல்லை என்று அர்த்தமில்லை. 2024 அக்டோபரில் ஜப்பானின் நியாய வணிக ஆணையம் கவர் நிறுவனத்தைக் கண்டித்தது. மாடல், ஓவியம் செய்துகொடுத்த 23 பேரிடம் கூலியில்லாமல் 243 முறை திருத்த வேலை வாங்கியதற்காக. பெரிய கம்பெனியிலும் அடிவிழுவது முதலில் பின்வரிசைக்குத்தான்.

பாடகி, சென்னை: ஒரு புதிய ஏஜென்சி என்னை வி-டியூபராக அறிமுகப்படுத்த அழைக்கிறது. ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். தள வருமானம் உங்கள் கணக்குக்கு வந்து, ஏஜென்சி தன் கமிஷனுக்கு உங்களுக்கு இன்வாய்ஸ் போடுவதுதான் நல்ல அமைப்பு. அவர்கள் கவிழ்ந்தாலும் உங்கள் பணம் உங்களிடம். 'எங்கள் கணக்குக்கு வந்துதான் பிரிப்போம்' என்று பிடிவாதம் பிடித்தால், கலைஞர் பங்குக்குத் தனி வங்கிக் கணக்கு, பணம் வந்து 15 நாளில் பட்டுவாடா, ஒவ்வொரு மாதமும் தளத்தின் டேஷ்போர்டுப் படத்தோடு வரிவாரியான கணக்கு என்று எழுதி வாங்குங்கள். அதோடு, சேனலின் வருமானப் பக்கத்தைப் பார்க்கும் அனுமதி உங்களிடம் எப்போதும் இருக்க வேண்டும். தளம் எவ்வளவு அனுப்பியது என்று உங்களுக்கே தெரிந்தால், விடுபட்டது முதல் மாதமே தெரியும்.

சேனலின் சாவி யாரிடம் என்பது அடுத்தது. யூடியூப் பிராண்ட் அக்கவுண்டில் மேனேஜர், ஓனர், முதன்மை ஓனர் என்று நிலைகள் உண்டு. முதன்மை ஓனராக நீங்கள் இருங்கள், அவர்களை மேனேஜராகச் சேருங்கள். தலைகீழாக இருந்து பின்னால் மாற்ற வேண்டி வந்தால், ஓனராகச் சேர்த்து 7 நாள் கழித்துத்தான் முதன்மை ஓனராக்க முடியும். சண்டை வந்த வாரத்தில் அந்த ஏழு நாள் கிடைக்காது. ட்விட்சில் மின்னஞ்சலும் இரட்டைச் சரிபார்ப்பு எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும். டிஸ்கார்டு சர்வரின் உரிமையும் அப்படியே.

விலகும் விதியை நுணுக்கமாக எழுதுங்கள். 'ஏஜென்சி திவாலானால் ஒப்பந்தம் முடியும்' என்று பலர் எழுதுகிறார்கள். அமெரிக்கத் திவால் நீதிமன்றத்தில் அந்த வரி பெரும்பாலும் செல்லாது, ஒப்பந்தம் திவால் சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டியின் கைக்குப் போய்விடும். அதற்குப் பதில், கெடு தாண்டி 30 நாள் பணம் வராவிட்டால் நோட்டீஸ் கொடுத்து முடிக்கலாம் என்று எழுதுங்கள். அது திவாலுக்கு வெகு முன்னால், உங்கள் கையில் அதிகாரம் இருக்கும்போதே வேலை செய்யும். முடிந்த அன்று பெயர், உருவம், பாடல் பதிவு, பழைய வீடியோ யாருக்கு என்பதும் அதே பத்தியில் வர வேண்டும். மாடல் செய்த செலவை அவர்கள் போட்டிருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்து உரிமையை வாங்க ஒரு தொகையை இப்போதே குறித்துவிடுங்கள்; புகழ் வந்த பிறகு அந்தத் தொகை ஏறிவிடும்.

இந்திய ஏஜென்சி என்றால் இன்னும் இரண்டு சோதனை இருக்கிறது. கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அவர்களுடைய ஆண்டறிக்கைகள் வரிசையாகத் தாக்கலாகியிருக்கின்றனவா, சொத்தின் மேல் யாருக்காவது ஈடு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்த பிறகு, காலாண்டு தோறும் வருமானவரித் தளத்தில் உங்கள் பான் எண்ணின் கீழ் டிடிஎஸ் வரவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்தது ஜூலை 31-க்குள் தாக்கலாகி, ஆகஸ்டில் தெரிய வேண்டும். உங்களிடம் பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்றால், அடுத்து நிற்கப்போவது உங்கள் பங்கு. அந்த ஆகஸ்டிலேயே எழுத்தில் கேளுங்கள்.